இந்த லைன் எங்கேர்ந்து வர்து? – மாதிரி ரயில் தளத்தில் மின்கம்பம் நட்டு ஒயர் இழுக்கும் முறை

காட்பாடியிலிருந்து திருவண்ணாமலைப் பக்கம் மீட்டர் கேஜ் பாசஞ்சர் ஓடிய காலத்தில், ஜன்னலோரம் இடம் கிடைத்தால் நான் மலையையும் வயலையும் பார்க்கமாட்டேன். பாதையை ஒட்டியே கூட வந்த தந்திக் கம்பிகள்தான் என் வேடிக்கை. ஒரு கம்பத்தின் உச்சியில் இருக்கும் கம்பி மெல்லத் தாழும், இன்னும் தாழும், வேலிக்குள் விழுந்துவிடுமோ என்று நினைக்கும்போது அடுத்த கம்பம் வந்து சட்டென்று மேலே தூக்கிவிடும். கண்ணமங்கலம் வரைக்கும் இதே ஆட்டம்தான்.

வளர்ந்தபின் மாடி அறையில் அந்தப் பாதையிலிருந்த கணியம்பாடியை மனதில் வைத்து ஒரு சின்ன லே-அவுட், அதாவது மாதிரி ரயில் தளம், கட்டினேன். 1:87 அளவு, 12 மி.மீ. தண்டவாளம். மீட்டர் கேஜின் 1000 மி.மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 வரும். அதனால் டிடி (TT) என்னும் இன்னொரு மாதிரி அளவு ரயிலுக்கென்று விற்கிற 12 மி.மீ. பாதை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். கரும்பாறைக் குன்று, பனைமரம், ஓட்டு வீடு, மணிலாக் கொல்லை எல்லாம் வைத்தேன். கடைசியில் கம்பம் நட்டுத் தையல் நூலைக் கட்டினேன். எங்கேயோ பொய்யாகத் தெரிந்தது, எங்கே என்று பிடிபடவில்லை.

மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமா ஒருநாள் மாடிக்கு வந்தார். ரயிலை அவர் பார்க்கவேயில்லை. குனிந்து கம்பத்தைத்தான் பார்த்தார். “ஏம்பா, இந்த லைன் எங்கேர்ந்து வர்து? எங்க போவுது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. “கடைசிப் போஸ்ட்டுக்கு ஸ்டே எங்க? இழுத்துக்கினு சாஞ்சிடுமே” என்றார். ஸ்டே என்பது கம்பம் சாயாமல் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கம்பி. அன்று மாலையே எல்லாக் கம்பத்தையும் பிடுங்கிவிட்டேன். கீழே சொல்லும் முறை, அதற்குப் பிறகு அவரிடம் கேட்டும், வேலூர் தொரப்பாடித் தெருக்களில் அண்ணாந்து பார்த்தும், பலமுறை கட்டிப் பிரித்தும் நான் கற்றுக்கொண்டது.

முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள்

பசையைத் தொடும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ரயில்வேயின் தந்திக் கம்பம், ஊருக்குள் போகும் ஈ.பி. கம்பம், மின்ரயிலின் மேல்கம்பியைத் தாங்கும் மாஸ்ட் ஆகிய மூன்றும் வேறு வேறு. மூன்றையும் ஒரே பாதையோரம் கலந்து நடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் செய்கிற தவறு.

மின்ரயில் பாதையின் மேல்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் மாற்றுமின்சாரம். அதன் தூண்டலால் பக்கத்தில் இணையாகப் போகும் திறந்த தந்திக் கம்பியில் மின்னழுத்தம் ஏறிவிடும், பேச்சும் செய்தியும் கெடும். அதனால் பாதையை மின்மயமாக்கும்போது அந்தக் கம்பிகளை எடுத்துவிட்டு மண்ணுக்கடியில் கேபிள் போட்டார்கள். ஆகவே காட்பாடி மெயின் லைனை இன்றிருப்பதுபோல் செய்கிறீர்கள் என்றால் மாஸ்ட் மட்டும் நடுங்கள், தந்திக் கம்பம் வேண்டாம். என்னைப்போல் ஒய்டிஎம்-4 டீசல் இழுத்த காட்பாடி–விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதையைச் செய்கிறவர்கள் தாராளமாகத் தந்திக் கம்பம் நடலாம். 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வந்த முதல் ரயிலின் காலத்தைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஈ.பி. கம்பத்தை மறந்துவிடுங்கள். அன்று ஊரில் கரண்ட்டே கிடையாது.

இந்தக் கட்டுரையில் மாஸ்ட்டைத் தொடவில்லை. அது தனிக் கலை.

காகிதத்தில் லைனை ஓட்டிப் பாருங்கள்

லே-அவுட்டின் வரைபடத்தைக் கையில் எடுத்து, மாமாவின் கேள்விக்குப் பென்சிலால் பதில் எழுதுங்கள். மின்சாரம் வெளியிலிருந்து 11,000 வோல்ட் லைனாக, மூன்று கம்பியில் வரும். லே-அவுட்டின் ஒரு விளிம்பிலிருந்து அதை நுழைய விடுங்கள். அது நேராக டிரான்ஸ்பார்மருக்குப் போகும். அங்கிருந்து தெருவுக்குள் எல்.டி. லைன், அதாவது குறைந்த அழுத்த லைன், கிளம்பும். மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், தெருவிளக்குக்கு ஒன்று என்று ஐந்து கம்பி. தெருக் கம்பத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சர்வீஸ் ஒயர் இறங்கும். வயலில் பம்புசெட் இருந்தால் அதற்கும் ஒரு கிளை போகும்.

இதை வரைந்து முடித்ததும் எத்தனை கம்பம், எது திரும்பும் கம்பம், எது கடைசிக் கம்பம் என்பது தானாகத் தெரிந்துவிடும். திரும்புகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் ஸ்டே கம்பி கட்டாயம். நேராகப் போகும் கம்பத்துக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

தண்டவாளத்தைக் கடப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 11,000 வோல்ட் வரையிலான லைன்கள் பொதுவாக ரயில் பாதையை மேலாகக் கடப்பதில்லை. பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பத்தில் லைன் முடிந்து, இரும்புக் குழாய்க்குள் கேபிளாக இறங்கி, மண்ணுக்கடியில் போய், அந்தப் பக்கக் கம்பத்தில் ஏறும். மாதிரியில் இது நமக்கு வரம். ரயிலைக் கையால் எடுக்கும்போது தட்டுப்பட நடுவில் ஒயரே இருக்காது. கம்பத்தின் பக்கவாட்டில் ஒரு மி.மீ. தடிமனில் சாம்பல் நிறக் குழாய் ஒட்டிவிட்டால் பார்க்கிறவர்களுக்குச் செய்தி போய்ச் சேரும்.

படம் எடுக்க வெளியே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பத்தையோ ஸ்டே கம்பியையோ தொடாதீர்கள், மழை நாளில் கிட்டவே போகாதீர்கள். தண்டவாளத்துக்குள் இறங்கி நடப்பது குற்றம். பிளாட்பாரத்திலிருந்தும் லெவல் கிராசிங் கேட்டுக்கு வெளியிலிருந்தும் வேண்டிய படம் எல்லாம் கிடைக்கும்.

அளவு

தெருவில் நாம் பார்க்கும் சிமெண்ட் கம்பங்களில் 8 மீட்டர் நீளம் சாதாரணம். நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும் என்பது நடுகிறவர்களின் கணக்கு. 1:87-ல் 8 மீட்டர் என்பது 92 மி.மீ. அதில் 15 உள்ளே, 77 வெளியே. வீட்டிலிருந்த பொருள்களை அளந்தபோது ஒரு சந்தோஷம் கிடைத்தது: ஐஸ் குச்சி 93 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன். கம்பம் கையிலேயே இருந்திருக்கிறது. 1:160-ல் செய்கிறவர்களுக்கு மொத்தம் 50, வெளியே 42 மி.மீ. 1:76-க்கு மொத்தம் 105.

11,000 வோல்ட் லைனுக்கு 9 மீட்டர் கம்பம் வையுங்கள். 1:87-ல் 103 மி.மீ. ஐஸ் குச்சி பத்தாது. 114 மி.மீ. நீளத்தில் கைவேலைக் குச்சி என்று ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும், அதை எடுங்கள்.

ஒயரின் உயரத்துக்குப் பழைய இந்திய மின்சார விதிகளிலேயே அளவு இருக்கிறது. சாதாரண எல்.டி. லைன் தெருவைக் குறுக்கே கடந்தால் தரையிலிருந்து 5.8 மீட்டர், தெருவோரமாகப் போனால் 5.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. 1:87-ல் 67-ம் 63-ம் மி.மீ. ஒரு அட்டைத் துண்டை 67 மி.மீ. உயரத்துக்கு வெட்டிச் சாலையில் ஒவ்வொரு ஒயருக்கும் கீழே தள்ளிப் பாருங்கள், தட்டக்கூடாது.

கம்பத்துக்குக் கம்பம் இடைவெளிதான் இடிக்கும். 50 மீட்டர் என்றால் 1:87-ல் 57 செ.மீ. நான்கு அடி லே-அவுட்டில் இரண்டு கம்பத்தோடு கதை முடிந்துவிடும். இங்கே அளவை விட்டுக்கொடுங்கள். 24 செ.மீ. வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. உயரத்தை மட்டும் குறைக்காதீர்கள். வீட்டுக்கும் கம்பத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் கண் உடனே பிடித்துவிடும், இடைவெளியை அளப்பதில்லை.

கம்பம் செய்தல்

ஐஸ் குச்சியை நீளவாக்கில் 2 மி.மீ. அகலத்துக்குக் கட்டரால் கீறி எடுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் நார் வழியே ஓடிவிடும். இரும்பு ஸ்கேலை வைத்து மெதுவாகப் பத்துத் தடவை கீறுங்கள். பிறகு உப்புத்தாளில் தேய்த்து உச்சியை 1.3 மி.மீ. அளவுக்குச் சிறுக்கவையுங்கள். அடி பெருத்து நுனி சிறுத்திருப்பதுதான் சிமெண்ட் கம்பத்தின் லட்சணம். முழு நீளத்துக்கும் ஒரே தடிமனாக விட்டால் தீக்குச்சி நட்டதுபோல் இருக்கும்.

தந்திக் கம்பத்துக்குத் தென்னை ஈர்க்கு. அதைவிடப் பொருத்தமான பொருளை நான் கண்டதில்லை. உருண்டை, இயல்பாகவே நுனி சிறுத்தது, வளையாத துண்டாகப் பார்த்து எடுத்தால் இரும்புக் குழாய்க் கம்பத்தின் சாயல் அப்படியே வந்துவிடும். நன்றாகக் காய்ந்த துடைப்பத்திலிருந்து எடுங்கள். பச்சை ஈர்க்கு ஒரு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும்.

குறுக்குச் சட்டத்துக்கு (வயர்மேன்கள் கிராஸ்-ஆர்ம் என்றே சொல்வார்கள்) ஒரு மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் பட்டை அல்லது ஸ்டேப்ளர் பின். 11,000 வோல்ட் கம்பத்தில் சட்டத்தின் இரு முனையில் ஒயரைத் தாங்கும் பீங்கான் (இன்சுலேட்டர்) இரண்டும் உச்சியில் ஒன்றுமாக முக்கோணமாக இருக்கும். எல்.டி. கம்பத்தில் சட்டம் படுக்கையாகவும் இருக்கும், சில தெருக்களில் ஒன்றின்கீழ் ஒன்றாகச் செங்குத்தாகவும் ஒயர் போகும். உங்கள் தெருவில் எப்படியோ அப்படிச் செய்யுங்கள்.

பீங்கானுக்கு வேலூர் லாங் பஜாரில் மணி விற்கும் கடைக்குப் போய், இருப்பதிலேயே பொடியான பாசிமணி கேளுங்கள். ஒன்றரை மி.மீ. இருந்தால் நல்லது. மின் கம்பத்துக்கு அரக்குப் பழுப்பு, தந்திக் கம்பத்துக்கு வெள்ளை. குண்டூசியின் தலையை நறுக்கிவிட்டு அதில் மணியைக் கோத்து, 0.5 மி.மீ. துளையில் செருகி, ஊசிமுனையால் துளி ஃபெவிக்விக் வைத்தால் போதும்.

வண்ணம்: வெள்ளையில் கொஞ்சம் கறுப்பும் துளி மஞ்சள் காவியும். தனிச் சாம்பல் நிறம் இரும்புபோல் தெரியும், அந்த மஞ்சள்தான் அதைச் சிமெண்ட் ஆக்குகிறது. காய்ந்ததும் மிக நீர்த்த கறுப்பை மேலிருந்து கீழே ஒருமுறை ஓடவிடுங்கள், மழைக் கறை வந்துவிடும். அடியில் ஒரு செ.மீ. உயரத்துக்கு நம்மூர்ச் செம்மண்ணைப் பழைய துப்பட்டாவில் சலித்துத் தூரிகையால் தொட்டுத் தடவுங்கள். மார்பளவு உயரத்தில் ஒரு கிழிந்த போஸ்டர், கொஞ்சம் மேலே சிவப்பில் அபாயப் பலகை, கம்பத்து எண். இவை எல்லாம் எல்லாக் கம்பத்திலும் வேண்டாம். மூன்றில் ஒன்றில் இருந்தால் போதும்.

நடுதல்

நேரே ஒட்டிவிடாதீர்கள். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் குழாயை 15 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, பலகையில் துளையிட்டு அந்தத் துண்டை ஒட்டுங்கள். கம்பத்தின் அடியைச் சற்றுச் சீவி உருட்டினால் குழாய்க்குள் இறுக்கமாக நிற்கும். இடித்தால் சாயும், முறியாது. வீடு மாற்றும்போது உருவியும் எடுத்துக்கொள்ளலாம்.

நடும் முன் உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியை எல்லா வளைவிலும் ஓட்டிப் பாருங்கள். வளைவின் உள்பக்கம் பெட்டியின் நடுப்பகுதி வெளியே துருத்தும், வெளிப்பக்கம் முனை துருத்தும். அங்கே கம்பம் வந்தால் முதல் நாளே உரசும். அடிக்கடி கை நீட்டுகிற இடங்களிலும் வைக்காதீர்கள். ஒயர் லைன் முடிந்தவரை பாதைக்குப் பின்னால் போகட்டும்.

ஒயர்: இங்கே நிதானம் வேண்டும்

நிஜக் கம்பி எவ்வளவு தடிமன்? லைனில் போடும் அலுமினியக் கம்பிகளுக்கு விலங்குப் பெயர்கள் உண்டு. ஸ்குரல், வீசல், ராபிட் என்று மாமா சொன்னபோது விளையாடுகிறார் என்று நினைத்தேன். அதுதான் அவற்றின் உண்மையான பெயர். நடுவில் ஒரு எஃகு இழை, சுற்றி ஆறு அலுமினிய இழை. ராபிட்டின் விட்டம் 10.05 மி.மீ., வீசல் 7.77. 87-ஆல் வகுத்தால் 0.12-ம் 0.09-ம். கிட்டத்தட்ட தலைமுடி. தையல் நூல் அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன், போதாக்குறைக்குப் பிசிறு வேறு. என் முதல் லைன் பொய்யாகத் தெரிந்ததற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் தொய்வு. நிஜக் கம்பி தன் எடையால் தொங்குகிறது. வெயிலில் உலோகம் நீளும், தொய்வு கூடும். அக்னி நட்சத்திரத்தில் நம்மூர் லைனைப் பார்த்தால் மார்கழியில் பார்த்ததைவிடத் தாழ்ந்திருக்கும். சின்ன நூலுக்கு எடையே கிடையாது, விறைப்புதான் அதிகம். தளர விட்டால் அழகாகத் தொங்காது, கோணலாக நெளியும். இழுத்தால் நேர்க்கோடாகிவிடும். அளந்து தளர்த்தவும் முடியாது. 24 செ.மீ. இடைவெளியில் 5 மி.மீ. தொய்வு வேண்டுமானால் கூடுதலாகத் தேவைப்படும் நீளம் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்! எந்தக் கையாலும் அதை அளந்து விடமுடியாது. ஆகவே வளைவைக் கம்பிக்குள் முன்கூட்டியே ஏற்றிவிட வேண்டும்.

அதற்கு ஏற்றது எனாமல் பூசிய செம்புக் கம்பி. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கேளுங்கள். சீலிங் ஃபேனுக்குச் சுற்றும் 36-ஆம் கேஜ் கம்பி சுமார் 0.19 மி.மீ., நமக்குத் தடிமன். 40-ஆம் கேஜ் (0.12) கிடைத்தால் ராபிட், 42-ஆம் கேஜ் (0.10) கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு முழம் வெட்டி, இரண்டு முனையையும் கட்டிங் பிளேயரால் பிடித்து, மெல்ல இழுங்கள். துளி நீளுவது கையில் தெரியும், அந்தக் கணம் நிறுத்துங்கள். சுருள் எல்லாம் போய் அம்புபோல் நேராகிவிடும். இரண்டு ஆணிக்கு நடுவே கட்டிச் சாம்பல் நிறப் பிரைமரை மெலிதாக ஸ்பிரே செய்து காயவிடுங்கள். புது அலுமினியம் மின்னும், பழையது மங்கிக் கறுத்திருக்கும். மங்கலே நன்றாக இருக்கும்.

இப்போது வளைவட்டை. கெட்டி அட்டையில் 240 மி.மீ. கோடு போடுங்கள். நடுவில் 5 மி.மீ. கீழே ஒரு புள்ளி. இரு பக்கமும் கால்வாசித் தூரத்தில், அதாவது 60 மி.மீட்டரில், 3.75 மி.மீ. கீழே ஒரு புள்ளி. ஐந்து புள்ளியையும் ஒரே ஓட்டமாக இணைத்து வெட்டுங்கள். கம்பியை அந்த விளிம்பில் வைத்து நகத்தால் ஒருமுறை நீவினால் வளைவு அதில் தங்கிவிடும். ஒரே இடைவெளியில் போகும் எல்லா ஒயரும் இதே அட்டையில் வளைந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு தொய்வில் இருந்தால் கண் நேரே அங்கேதான் போகும்.

கட்டும்போது கைக்குத் தூரமான ஒயரிலிருந்து தொடங்கி உங்கள் பக்கம் வாருங்கள். மாற்றிச் செய்தால் கட்டியதையே கை இடிக்கும். ஒவ்வொரு இடைவெளியும் தனித்துண்டு. பீங்கானில் அரைச் சுற்று, ஊசிமுனையில் பசை, இருபது எண்ணும்வரை இடுக்கியை எடுக்காமல் பொறுத்திருங்கள். பருத்தி நூல்தான் பயன்படுத்துவேன் என்கிறவர்கள் ஃபெவிக்விக்கை அதில் நனையும்படி ஊற்றாதீர்கள். பருத்தியில் அது பட்டால் விரலைச் சுடும் அளவுக்குச் சூடேறும்.

செம்புக் கம்பிக்கு ஒரு குறை உண்டு, இடித்தால் மடிந்துவிடும். அதனால் கை படும் முன்பக்கத்துக்கு மட்டும் மாதிரிப் பொருள் விற்கும் இடங்களில் கிடைக்கும் மெல்லிய எலாஸ்டிக் இழையைப் பயன்படுத்துகிறேன். எவ்வளவு இடித்தாலும் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் தொய்வு வராது, நேராகத்தான் நிற்கும். வீட்டுக்கு இறங்கும் குட்டையான சர்வீஸ் ஒயருக்கு அது ஒரு குறையே அல்ல. மிக லேசாக இழுத்துக் கட்டுங்கள். அழுத்தி இழுத்தால் கம்பங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும்.

ஸ்டே, டிரான்ஸ்பார்மர், சர்வீஸ்

ஸ்டே கம்பி லைன் இழுக்கும் திசைக்கு நேர் எதிரே, ஏறத்தாழ 45 பாகையில் மண்ணுக்குள் இறங்க வேண்டும். நடுவே ஒரு முட்டைப் பீங்கான் இருக்கும், அதற்கும் ஒரு பாசிமணி. இது மாதிரியிலும் நிஜ வேலை செய்கிறது. எலாஸ்டிக் இழுக்கும் கடைசிக் கம்பத்தை உண்மையிலேயே சாயாமல் பிடிக்கிறது. ஆகவே ஸ்டேவை முதலில் கட்டி, பசை காய்ந்தபின் லைனைக் கட்டுங்கள்.

டிரான்ஸ்பார்மருக்கு இரண்டு கம்பம் பக்கத்தில் பக்கத்தில், நடுவே இரும்புச் சட்டம், அதன்மேல் சுமார் 12 மி.மீ. கனசதுரம். பல்பு டப்பாவின் நெளி அட்டையை மெலிதாக நறுக்கிப் பக்கங்களில் ஒட்டினால் குளிர்விப்பான் தகடுகள் கிடைத்துவிடும். மேலே மூன்று பீங்கான், கீழே பெட்டி, சுற்றிலும் கொஞ்சம் வேலிகாத்தான் புதர்.

வீட்டின் மேல் ஒரு இரும்புக் குழாய் நின்று, அதன் வளைந்த முனைக்குள் சர்வீஸ் ஒயர் போவதை மறக்காதீர்கள். சுவரில் ஒயரை அப்படியே ஒட்டிவிட்டால் நம் ஊர் வீடாக இராது. 1990-களுக்குப் பிந்திய காலத்தைச் செய்கிறவர்கள் கம்பத்துக்குக் கம்பம் கறுப்பாக ஒரு கேபிள் டி.வி. ஒயரும் விடலாம். இது மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாக, தாழ்வாக, இஷ்டத்துக்குத் தொங்கட்டும். கம்பத்தில் ஒரு சுருள் மிச்சமும் தொங்கவேண்டும்.

கரிச்சான் குருவி இல்லாத லைனை வடாற்காட்டில் எங்கே பார்க்க முடியும்? அது வாலோடு சேர்த்து ஏறத்தாழ 30 செ.மீ. நீளம், மாதிரியில் மூன்றரை மி.மீ. கறுப்பு நூலின் ஒரு பொடித்துணுக்கை ஃபெவிக்காலில் தோய்த்து, ஒரு முனையை இரண்டாகப் பிரித்தால் வால் வந்துவிடும். வயலோரத்து ஒயரில், கம்பத்துக்கு அருகே, ஒன்றே ஒன்று.

வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். மை தீட்டும் மெல்லிய தூரிகையை ஒயர் போகும் திசையிலேயே, கம்பத்திலிருந்து இடைவெளியின் நடுவுக்குக் கொண்டுபோங்கள். குறுக்கே இழுத்தால் பீங்கானில் பசை விட்டுவிடும்.